இடமறிந்து வாழும் நுண்ணுயிர்கள்

தோல் தொழில் வட்டாரத்துச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை என்பது யாவரும் அறிந்ததே. பழைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்வூர்கள் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று ஜில்லாக்களில் பிரிந்திருப்பினும், பாலாறும் தோல் தொழிலும் அவற்றை ஒன்றாகவே பிணைத்து வைத்திருக்கின்றன. இத்தொழிலில் ஈடுபட்டோரும், அவர்களுக்குத் தோல் அனுப்பும் கிராமத்தாரும், ஆற்றோரத்தில் பயிர் செய்வோரும் நாள்தோறும் ஒரு கூட்டத்தாருடன் பழகி வருகின்றனர். அக்கூட்டத்தார் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். தோலைக் கெடுப்பவையும் அவையே. பதனிடுதலில் துணை நிற்பவையும் அவையே. கழிவுத் தொட்டியில் மனிதரைக் கொல்லும் விஷவாயுவை உண்டாக்குபவையும் அவையே. அவற்றின் இயல்பை அறிந்து நடப்பவனுக்குப் பொருளும் மிஞ்சும், உயிரும் தப்பும்.

1. எங்கும் பரவுதலும் இடம் தெரிந்தெடுத்தலும்

ஹாலந்து தேசத்து வணிகரான லீவன்ஹூக் என்பவர் தாமே தேய்த்து உண்டாக்கிய கண்ணாடி வில்லையின் வழியே நீர்த்துளியை நோக்கி, அதில் சிற்றுயிர்கள் நீந்துவதை 1676-ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் கழகத்துக்கு எழுதினார். அதன் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால், மண், நீர், காற்று, பிராணிகளின் குடல், மனிதனின் தோல், கொதிக்கும் ஊற்று, பனிப்பாறை ஆகிய எல்லா இடங்களிலும் நுண்ணுயிர்கள் இருப்பது தெளிவாயிற்று.

ஆயினும் எல்லா இடத்திலும் ஒரே வகை வாழ்வதில்லை. தூசியிலும் நீரிலும் ஏறி எல்லா வகைகளும் எங்கும் சென்று சேரக்கூடும். சென்ற இடத்தின் வெப்பம், ஈரம், உப்பு, புளிப்பு, காற்று, உணவு ஆகியவை எவற்றுக்கு ஏற்றனவோ அவையே பெருகும். மற்றவை உறங்கிக் கிடக்கும், அல்லது மடியும். இக்கருத்தை 1934-ல் பாஸ் பெக்கிங் என்னும் ஹாலந்து தேசத்து அறிஞர் தெளிவாக எடுத்துரைத்தார். குடியானவர்களுக்கு இது புதிதன்று. காற்றில் வந்து விழும் புல் விதைகள் பல. களர் நிலத்தில் முளைப்பது ஒன்று, ஏரிக்கரையில் முளைப்பது வேறொன்று. நிலமே தனக்குரிய பூண்டைத் தெரிந்தெடுப்பது போல, தொட்டியும் குழியும் தத்தமக்குரிய நுண்ணுயிரைத் தெரிந்தெடுக்கின்றன. ஒரு தோல் கிராமத்தில் உரிக்கப்பட்டது முதல் கழிவுநீராய் ஆற்றை அடையும் வரை செல்லும் வழியைத் தொடர்ந்தால் இவ்வுண்மை படிப்படியாய் விளங்கும்.

2. உரித்த தோல்

உயிருள்ள மாட்டின் தோலில் கிருமிகள் உட்புக முடியாதபடி உடல் காத்துக்கொள்கிறது. உயிர் போனவுடன் அக்காவல் நீங்கிவிடும். அப்பொழுது உரித்த தோலில் ஈரம், சூடு, ஊன்சத்து ஆகிய மூன்றும் ஒருங்கே இருப்பதால், சாணத்திலும் மண்ணிலும் உள்ள அழுகற் கிருமிகளுக்கு அதனினும் நல்ல வயல் வேறில்லை. அவற்றுள் சில வகைகள், எல்லாம் வசதியாய் அமைந்தால், 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து பெருகும். அக்கணக்கின்படி ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 21 முறை இரட்டித்து 20 லட்சத்துக்கு மேற்பட்டதாகிவிடும். காலையில் உரித்த தோலை மாலை வரை குவித்து வைப்பவன் எத்தனை விதையை விதைத்துவிட்டான் என்பதை இதனால் அறியலாம்.

இக்கிருமிகள் முதலில் மயிர்க்கால்களைத் தளர்த்துகின்றன. பின்னர்த் தோலின் மேற்பரப்பை அரிக்கின்றன. மயிர் பிடித்து இழுத்தால் உதிரும் தோல் மண்டியில் விலை குறைவது இக்காரணத்தாலேயே. பதனிட்ட பின்பும் அக்குறை மறையாது. ஆகையால் உரித்த சில மணி நேரத்துக்குள் தோலை நிழலில் ஆறவிட்டு, இரத்தமும் சாணமும் போகக் கழுவி, சதைப் பக்கத்தில் உப்புத் தேய்த்தல் அவசியம். தோலின் எடையில் 100-க்கு 40 முதல் 50 பங்கு உப்பு வேண்டியிருக்கும். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுத்து, அழுகற் கிருமிகளின் உடலிலுள்ள நீரையும் இழுத்துவிடுகிறது. அவை உடனே யாவும் மடிவதில்லை எனினும், பெருகுதல் நின்றுவிடும்.

3. உரிக்கத் தகாத பிராணி

எல்லாப் பிராணிகளின் தோலையும் உரித்தல் கூடாது. முன்னறிகுறி அதிகமின்றித் திடீரென்று மாண்டு, மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் உறையாத கருநிற இரத்தம் ஒழுகும் மாடோ ஆடோ அடைப்பான் என்னும் நோயால் மாண்டதாக இருக்கக்கூடும். வேலூரைச் சுற்றியுள்ள தமிழ், ஆந்திர எல்லைப் பகுதிகளில் இந்நோய் பலமுறை தோன்றியுள்ளது, மனிதருக்கும் தொற்றியுள்ளது. அத்தகைய நோயாளிகளை வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கண்டு சிகிச்சை செய்து எழுதியுள்ளனர்.

அடைப்பான் கிருமியின் வாழ்க்கை முறையை ஜெர்மனி தேசத்து மருத்துவர் ராபர்ட் காக் 1876-ல் கண்டறிந்தார். பிராணியின் இரத்தத்தில் இருக்கும் வரை அது மென்மையான குச்சி போன்ற உயிர். வெளிக்காற்றுப் பட்டு, உணவும் குறைந்துவிட்டால், தன் உயிர்ச்சத்தைச் சுருக்கி ஸ்போர் என்னும் கெட்டியான உறைக்குள் ஒடுங்கிவிடுகிறது. ஸ்போர் வெயிலுக்கும் வறட்சிக்கும் உப்புக்கும் எளிதில் அஞ்சாது. மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்து, மேயும் பிராணியின் வாய்க்குள் சென்றதும் மறுபடி விழித்துக்கொள்ளும். 1942-ல் ஸ்காட்லாந்துக் கரையை அடுத்த குருயினார்ட் என்னும் தீவில் யுத்தப் பரிசோதனைக்காக இக்கிருமி தூவப்பட்டது. அத்தீவு சுத்தி செய்யப்பட்டு, ஆபத்தற்றது என்று 1990-ல் அறிவிக்கப்படும் வரை, மக்கள் அதில் காலடி வைப்பது தடுக்கப்பட்டிருந்தது.

இங்கே அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. ஸ்போராக மாறுவதற்கு அக்கிருமிக்குப் பிராணவாயு வேண்டும். செத்த பிராணியை அறுக்காமல் விட்டால் உள்ளே பிராணவாயு இராது. குடலிலுள்ள அழுகற் கிருமிகள் பெருகி இரண்டு மூன்று நாளில் அடைப்பான் கிருமிகளை அழித்துவிடும். வழக்கமாய்த் தோலைக் கெடுக்கும் அழுகலே இங்கு மனிதனுக்குத் துணையாகிறது. கத்தி பட்டு உடல் திறந்தால் காற்று புகும். ஒழுகும் இரத்தம் முழுவதும் ஸ்போராகி மண்ணில் இறங்கும். ஒரு தோலின் விலைக்கு ஆசைப்பட்டு அப்பிராணியை அறுப்பவன், தன் கையிலும் ஊர் மேய்ச்சல் நிலத்திலும் நோயை விதைக்கிறான்.

அத்தகைய சாவு நேர்ந்தால் உடலைத் தொடாமலும் அறுக்காமலும் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். உடலை எரித்தலே சிறந்தது. இயலாதவிடத்து மருத்துவர் காட்டும் இடத்தில் ஆழப் புதைத்தல் தகும். தோல் வேலை செய்வோரின் கையிலோ முகத்திலோ வலியில்லாத கொப்புளம் தோன்றி நடுவில் கரும்பொருக்கு உண்டானால், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். மாடுகளுக்குரிய தடுப்பு மருந்தை 1932-ல் இராணிப்பேட்டையில் ஏற்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமே தயாரிக்கிறது. நோய் கண்ட கிராமங்களில் ஆண்டுதோறும் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

4. உப்பிலே வாழ்வன

உப்பிட்ட தோலில் இனிக் கிருமி இராது என்று நினைப்பது தவறு. கோடைக்காலத்தில் கிடங்கில் அடுக்கிய தோல்களின் சதைப் பக்கத்தில் சில வேளை சிவந்த பிசுபிசுப்பான படலம் தோன்றும். அது உப்பை விரும்பும் நுண்ணுயிர்களின் வேலை. இவை ஆர்க்கியா என்னும் தனிக்குலத்தைச் சேர்ந்தவை. பாக்டீரியாவைப் போலவே தோன்றினும் பரம்பரையில் வெகுதூரம் விலகியவை என்பதை 1977-ல் அமெரிக்கரான கார்ல் ஊஸ் என்பவரும் அவருடைய கூட்டாளியும் நிலைநாட்டினர்.

மற்ற உயிர்களின் நீரை உப்பு வெளியே இழுக்கையில், இவை தம் உடலுக்குள்ளேயே பொட்டாசியம் உப்பைச் சேமித்து வைத்து வெளியுப்புக்கு ஈடு கொடுக்கின்றன. உப்பளங்களின் பாத்திகளில் நீர் வற்றி உப்புப் படியும் சமயத்தில் சிவந்து தோன்றுவதும் பெரும்பாலும் இவற்றாலேயே. கடலுப்பை வாங்கும்பொழுது அதனுடன் இவையும் கிடங்குக்கு வந்து சேர்கின்றன. பல்லாயிரம் தலைமுறைகளாக உப்பிலேயே வாழ்ந்து பழகியமையால் உப்பின்றி இவை வாழ மாட்டா. நல்ல நீரில் இட்டால் நீர் உட்புகுந்து வெடித்து மடியும். ஓரிடத்துக்கு முற்றும் பொருந்திய உயிர் பிறிதோரிடத்தில் நிலைகொள்ளாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தோல் சேகரிக்கும் சங்கங்கள் இதனின்று அறியத்தக்கவை இரண்டு. ஒருமுறை தோலில் இட்ட உப்பை மறுபடி புதுத் தோலுக்கு இடலாகாது. அது நோயைக் கைமாற்றிக் கொடுப்பதை ஒக்கும். கிடங்கு குளிர்ச்சியாகவும் காற்றோட்டமாகவும் இருத்தல் வேண்டும். இவ்வுயிர்கள் வெப்பத்திலேயே வேகமாகப் பெருகும்.

5. சுண்ணாம்பும் எச்சமும் பட்டையும்

தோல் பதனிடும் சாலையில் ஒவ்வொரு தொட்டியும் ஒரு தனி உலகம். ஊறல் தொட்டியில் உப்பு நீங்கியவுடன் அழுகற் கிருமிகள் மறுபடி தலையெடுக்கும். ஆகையால் ஊறல் நீரை நெடுநேரம் மாற்றாமல் விடுதல் நஷ்டத்துக்கு வழி. அடுத்த சுண்ணாம்புத் தொட்டியின் காரத்தில் பெரும்பாலான கிருமிகள் மடிகின்றன.

சுண்ணாம்பினின்று எடுத்த தோலை மிருதுவாக்குவதற்கு முற்காலத்தில் பல தேசங்களிலும் நாய், கோழி, புறா ஆகியவற்றின் எச்சத்தை வெந்நீரில் கரைத்து அதில் தோலை இடும் வழக்கம் இருந்தது. அதன் குணம் எச்சத்தில் இல்லை, அதிலுள்ள கிருமிகளிலும் அவை சுரக்கும் என்ஸைம் என்னும் செரிமானச் சத்திலும் உள்ளது என்று இங்கிலாந்தில் ஜோஸப் டர்னி வுட் என்பவர் ஆராய்ந்து கூறினார். ஜெர்மனியில் ஆட்டோ ரோம் என்பவர் பிராணிகளின் கணையத்தினின்று எடுத்த என்ஸைமைக் கொண்டு எச்சத்துக்குப் பதிலான பொருளைச் செய்து, 1907-ல் அதற்கென ஒரு கம்பெனியும் தொடங்கினார். எச்சத் தொட்டியின் துர்நாற்றம் தொழிலினின்று நீங்கியது இவ்வாறே. 1948-ல் சென்னையில் ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதே வழியில் மேலும் சென்று, சுண்ணாம்பையும் ஸல்பைடையும் குறைத்து என்ஸைமால் மயிர் களையும் முறைகளை ஆராய்ந்துள்ளது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய பட்டை நீரில் வேறு கூட்டம் வாழ்கிறது. துவர்ப்பு மிகுந்த அந்நீர் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு ஒவ்வாது. பட்டையிலுள்ள சர்க்கரையைப் புளிக்கச் செய்யும் உயிர்கள் மட்டும் அங்கே தங்கி, தோலுக்கு வேண்டிய இலேசான புளிப்பைக் கொடுக்கின்றன. ஆனால் பட்டை நீரை அசைக்காமல் விட்டால் மேலே பூஞ்சணம் படரும். பூஞ்சணத்தில் சில வகைகள் துவர்ப்புச் சத்தையே சிதைத்து உண்ணும் திறம் படைத்தவை. இதனைப் பிரெஞ்சு அறிஞர் வான் டீகெம் 1867-ல் எடுத்துக்காட்டினார். காசு கொடுத்து வாங்கிய பட்டையின் சத்தைப் பூஞ்சணத்துக்கு இரையாக்காமல் இருக்கத் தொட்டியை அடிக்கடி கலக்கிவிடுதல் வேண்டும்.

6. காற்றில்லாத தொட்டியில் ஒரு கூட்டுறவு

தோலினின்று நீங்கிய சதை, மயிர், கொழுப்பு, இரத்தம் யாவும் கலந்த கழிவுநீர் தேங்கும் இடத்தில் பிராணவாயு விரைவில் தீர்ந்துபோகும். காற்றில்லாமல் மனிதன் சில நிமிஷமும் வாழ முடியாது; ஆயினும் காற்றே விஷமாகும் உயிர்கள் பல உள்ளன. பூமியின் காற்றில் பிராணவாயு சேர்வதற்கு முன் தோன்றிய பழங்குலத்தின் வழிவந்த அவை, சேற்றிலும் குடலிலும் குழியிலும் இன்றும் தம் பழைய வாழ்க்கையை நடத்தி வருகின்றன.

சாண எரிவாயுக் கலம் வைத்திருப்போர் இவற்றின் வேலையை அறிவர். முதல் கூட்டம் சதையையும் கொழுப்பையும் கரைத்துப் புளிப்பாக்குகிறது. இரண்டாவது கூட்டம் அப்புளிப்பைச் சாராம்சமான காடிப் பொருளாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. மூன்றாவது கூட்டம் அவற்றை உண்டு எரியும் வாயுவாகிய மீதேனை வெளியிடுகிறது. ஒருவர் கழிவு அடுத்தவர் உணவு. மூன்றாவது கூட்டம் நின்றுவிட்டால் புளிப்புத் தேங்கி முதலிரண்டும் நின்றுவிடும். தவணை திரும்பாத நாணய சங்கத்தில் புதுக்கடன் நின்றுபோவதைப் போன்றதே இது.

தோல் கழிவில் ஒரு பெருந்தொல்லை சேர்கிறது. பதனிடுதலில் கந்தக அமிலமும் குரோமிய ஸல்பேட்டும் உபயோகிப்பதால் அக்கழிவில் ஸல்பேட் மிகுந்திருக்கும். ஸல்பேட்டைப் பிராணவாயுவுக்குப் பதிலாகக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாவை ஹாலந்து தேசத்து பெயெரிங்க் என்பவர் 1895-ல் கண்டறிந்தார். ஸல்பேட் மிகுந்த தொட்டியில் அவை மீதேன் உண்டாக்கும் கூட்டத்தின் உணவைப் பறித்துக்கொண்டு பெருகி, ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றமுள்ள இவ்வாயுவே கழிவுத் தொட்டிகளில் மனிதரைக் கொல்வது. மயிர் களைய உபயோகித்த ஸல்பைடு கலந்த கழிவில் அமிலக் கழிவு சேர்ந்தாலும் இதே வாயு உடனே கிளம்பும்.

இதன் குணங்களை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடமாய் அறிந்திருத்தல் வேண்டும். இது காற்றினும் கனமானது. ஆகையால் தொட்டியின் அடியில் தங்கும். சேறு அசையாதிருக்கும் வரை உள்ளேயே அடங்கியிருந்து, மண்வெட்டி பட்டதும் பொங்கி எழும். காற்றின் 10 லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாயிருக்கும்பொழுதே மூக்குக்குத் தெரியும். 100 பங்கை எட்டியதும் மோப்ப உணர்ச்சியே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதென்று இறங்குபவன் சாவில் இறங்குகிறான். 500 பங்குக்கு மேற்பட்டால் சில நிமிஷத்தில் நினைவிழப்பு. 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே மரணம் நேரும்.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் கரியமில வாயுவையும் பிராணவாயுக் குறைவையும் ஓரளவு காட்டும். ஹைட்ரஜன் ஸல்பைடை அது காட்டாது. மனிதனைக் கொல்லும் அளவில் இவ்வாயு இருக்கும்பொழுதும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மேலும் இவ்வாயுவும் மீதேனும் தீப்பற்றுபவையாதலால், விளக்கே வெடிவிபத்துக்குக் காரணமாகலாம். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொள்வதும் பயனற்றது.

ஒருவன் விழுந்ததும் அவனை எடுக்க மற்றொருவன் இறங்கி, அவனை எடுக்க மூன்றாமவன் இறங்கி, மூவரும் மாண்டுபோவது இவ்விபத்துக்களில் அடிக்கடி காணும் துயரம். இரக்கமே அங்கு எமனாகிவிடுகிறது. கழிவுநீர்க் குழாய்களிலும் மலத்தொட்டிகளிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குதலை 2013-ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியுள்ளது. தோல் கழிவுத் தொட்டியின் ஆபத்து அவற்றினும் குறைந்ததன்று.

7. குரோமியத்துக்குப் பழகிய கிருமி

பட்டைக்குப் பதிலாகக் குரோமியத்தால் பதனிடும் முறை பரவிய பிறகு, நுண்ணுயிர்கள் முன்பு அதிகம் கண்டிராத ஒரு பொருள் மண்ணில் சேர்ந்தது. பதனிடுதலில் உபயோகிக்கும் குரோமியம் மூன்றாம் நிலையது. அதனினும் மிகக் கொடிய விஷம் ஆறாம் நிலைக் குரோமியம். இராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனங்கள் செய்துவந்து பின்னர் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் அருகே, ஆறாம் நிலைக் குரோமியம் கலந்த கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது.

இத்தகைய மண்ணிலும் தோல் கழிவிலும் ஆராய்ச்சியாளர் தேடியபொழுது, குரோமியத்தைத் தாங்கி வாழும் பாக்டீரியாக்கள் அகப்பட்டன. அவை விஷத்தைக் கண்டு தாமாக முயன்று கற்றுக்கொண்டவை அல்ல. களர் ஏறிய வயலில் நெல் விதைத்தால் பெரும்பாலான பயிர் கருகும். தற்செயலாய் உப்பைத் தாங்கும் குணமுள்ள சில கதிர்கள் பிழைக்கும். அவற்றின் விதையையே ஆண்டுதோறும் எடுத்து விதைத்தால் நாளடைவில் களர் தாங்கும் இரகம் நிலைபெறும். கோடிக்கணக்கான கிருமிகளில் குரோமியத்தை வெளியே தள்ளும் திறம் பெற்ற சில, மற்றவை மடிந்த இடத்தில் இவ்வாறே பெருகின. தலைமுறை ஒரு நாளுக்கும் குறைவாயிருத்தலால் பயிருக்குப் பல ஆண்டு வேண்டிய மாறுதல் இவற்றுக்குச் சில வாரங்களிலேயே கூடிவிடும். அன்றியும், அத்திறத்துக்குரிய குறிப்பை பிளாஸ்மிட் என்னும் சிறு வளையமாக்கி, அண்டையிலுள்ள வேறினத்துக்கும் அவை கொடுக்க வல்லவை. மருந்துகளை அரைகுறையாக உட்கொள்வதால் நோய்க்கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போவதும் இதே முறையிலாகும்.

இவற்றுள் சில, ஆறாம் நிலைக் குரோமியத்தைக் கொடுமை குறைந்த மூன்றாம் நிலைக்கு மாற்றுகின்றன. இது நற்செய்தியே; ஆயினும் இதன் எல்லையை அறிதல் வேண்டும்.

8. நுண்ணுயிர் உண்ணாதவை

சதையும் கொழுப்பும் மயிரும் உயிர்களால் ஆக்கப்பட்டவை. ஆகையால் உயிர்களால் அழிக்கவும்படும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய இடங்களில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்ப்பது இவற்றை உண்பிப்பதற்கே. ஆனால் குரோமியம் ஒரு மூலப்பொருள். எந்தக் கிருமியும் அதை இல்லாமற் செய்யாது. நிலையை மாற்றலாம், சேற்றில் படியச் செய்யலாம், அவ்வளவே. மண்ணிலுள்ள மாங்கனீஸ் பொருள்களால் அது மறுபடி ஆறாம் நிலைக்குத் திரும்பவும் கூடும். தோலினின்று கழுவிய உப்போ நுண்ணுயிருக்கு உணவே அன்று. எவ்வளவு காலம் தேக்கி வைத்தாலும் அது உப்பாகவே மண்ணில் இறங்கும்.

பாலாற்றின் துன்பம் இங்கேதான் இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி அதில் நீர் மணலுக்கு அடியிலேயே ஓடுகிறது. மேலே விட்ட உப்பு நீர், கீழே உள்ள கிணற்று நீரில் கலந்து, நிலத்தைக் களராக்கியது. இதன் மேல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்து, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், தீங்கு வருமுன் காத்தல் கடமை என்பதும் இத்தேசத்துச் சட்டத்தின் பகுதிகளே என்று உரைத்தது. 2025 ஜனவரி 30-ல் அந்நீதிமன்றம் பாலாற்று விஷயத்தில் மறுபடி தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு ஈடு கொடுத்தலையும் சீர்கேட்டை நிவர்த்தித்தலையும் வற்புறுத்தியது.

நுண்ணுயிர் உண்டது போக மிஞ்சும் சேறும் அற்ப விஷயமன்று. 2015 ஜனவரி 31-ஆம் தேதி அதிகாலையில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அடுத்திருந்த தோல் சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் அகப்பட்டு மாண்டனர். நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும் என்று எண்ணிக் கழிவைச் சேர்த்துக்கொண்டே போதல் எத்தகைய முடிவைத் தரும் என்பதை அவ்விபத்து காட்டிற்று.

9. சங்கங்கள் செய்யத்தக்கவை

(அ) தோல் சேகரிக்கும் சங்கங்கள் புது உப்பை மொத்தமாய் வாங்கி, உரிக்கும் இடத்திலேயே அங்கத்தினருக்குக் கிடைக்கச் செய்யலாம். மயிர் உதிராத தோலுக்கு அதிக விலை கொடுப்பது என்று தீர்மானித்தால் நல்வழக்கம் தானே பரவும்.

(ஆ) ஊறலில் இடுமுன் தோலை நன்றாய் உதறி உப்பை நீக்கினால், நுண்ணுயிரால் அழிக்க முடியாத அவ்வுப்பில் ஒரு பங்கு ஆற்றுக்குச் செல்லாமல் நிற்கும். உதறிய உப்பை மறுபடி தோலுக்கு இடாமல், குறித்த இடத்தில் சேர்த்தல் வேண்டும்.

(இ) பால் உற்பத்தியாளர் சங்கங்கள் அடைப்பான் கண்ட கிராமங்களின் பெயரைக் குறித்து வைத்து, தடுப்பு மருந்து போடும் நாளைக் கால்நடை மருத்துவருடன் கலந்து நிச்சயிக்கலாம். ஐயத்துக்கிடமான சாவில் தோலை இழக்கும் ஏழை அங்கத்தினருக்குச் சங்கத்தின் பொது நல நிதியினின்று சிறு உதவி செய்தால், அறுக்கும் ஆசை குறையும்.

(ஈ) எந்தத் தொட்டியிலும் முதலில் இயந்திரத்தால் சேற்றை எடுக்க முயல வேண்டும். இறங்கியே தீர வேண்டுமெனில், வாயுவை அளக்கும் கருவியால் அளந்து, விசிறியால் காற்றைச் செலுத்தி, இடுப்பிலும் தோளிலும் வார் பூட்டிக் கயிறு மேலே பிடித்திருக்க, வெளிக்காற்று வரும் முகமூடியுடன் மட்டுமே இறங்கலாம். விழுந்தவனைக் கயிற்றால் மேலே இழுக்க வேண்டுமேயன்றி, வெறுமனே எவரும் பின்னால் இறங்கலாகாது. உடனே 108-க்குச் சொல்லி அனுப்புதல் வேண்டும்.

(உ) தொழிலாளர் சங்கங்கள் இக்கருவிகளைத் தனித்தனியே வாங்க இயலாவிடில், பல சங்கங்கள் கூடி ஒரு தொகுதி வாங்கி முறை வைத்து உபயோகிக்கலாம். கூட்டுறவின் பயன் இத்தகைய காரியங்களிலேயே நன்கு விளங்கும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. உப்பிட்ட தோலிலும் சிவப்புப் படலம் உண்டாவது எதனால்? அதைத் தடுப்பது எவ்வாறு?

2. திடீரென்று மாண்ட மாட்டை அறுக்கலாகாது என்பதற்குக் காரணம் யாது?

3. தொட்டியில் நாற்றம் நின்றுவிட்டால் ஆபத்து நீங்கியதாகுமா? விளக்கு எரிந்தால் இறங்கலாமா?

4. கழிவில் நுண்ணுயிர் உண்பவை யாவை, உண்ணாதவை யாவை? உண்ணாதவற்றை ஆற்றுக்குச் செல்லாமல் தடுக்க நம் ஊரில் யார் என்ன செய்யலாம்?

5. நம் ஊரில் இறங்கத் தகாத தொட்டிகளும் குழிகளும் எங்கெங்கே உள்ளன? அவற்றில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறதா?